ஃபிர்மா என்று நான் வாசித்த சொல்

ஒரு காலத்தில் சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்தில் எங்களுடைய இலங்கைத் தமிழ் ஆட்கள் யாருக்காவது பழைய கார் வாங்க வேண்டுமென்றால் போர்கோ வெக்கியோப் பகுதிக்கு, எங்கள் வீட்டு மூன்றாம் மாடிக்கு ஏறி வருவார்கள். என்னைத் தேடித்தான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. காரின் முன்மூடியைத் திறந்து காட்டினால் கண்ணாடி துடைக்கிற தண்ணீர் ஊற்றும் இடத்தை மட்டும் சரியாகச் சொல்லுவேன். ஆனால் எனக்குப் பயப்படத் தெரியும். வெளியே போகும்போது காஸ் பூட்டியிருக்கிறதா என்று மூன்று தரம் பார்க்கிறவள் நான். முகம் தெரியாத ஒருவன் இணையத்தில் போட்ட விளம்பரத்தை நம்பிக் கார் வாங்குவதற்கு அந்தப் பயம் உதவும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இத்தாலி மொழியை யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை. வீடு துடைக்கப் போன இடங்களில் வீட்டுக்காரி சிஞ்ஞோராமாரின் வாயைப் பார்த்துப் படித்தேன். பிறகு அவர்கள் எறிவதற்குக் கட்டி வைத்த பத்திரிகைகளில் எழுத்துக் கூட்டினேன். பத்து வருஷத்தில் கடிதம் வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். வந்துவிட்டதாக நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை, வகுப்பின் பின்வரிசை வாங்கில் இருந்துவிட்டு வந்தவள். இங்கே பெரிய பெரிய ஆம்பிளைகள் கடித உறையோடு வந்து, "அக்கா, இதில என்ன எழுதிக் கிடக்கு" என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கார் விஷயத்தில் என்னுடைய பேர் பரவியது ஒரு வெள்ளிநிறக் காரால். என் கணவரோடு சமையலறையில் பாத்திரம் கழுவுகிற ஒருவர் அதைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டுவிட்டார். விலை பாதிக்குப் பாதி. சொந்தக்காரர் இங்கிலாந்துக்கு மாறிப் போய்விட்டாராம், முற்பணம் அனுப்பினால் காரைக் கப்பலில் ஏற்றி விடுவாராம். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற மரத்தில் பனி கிடந்தது. சிசிலியில் ஓடின கார், படமும் இங்கேதான் எடுத்தது என்று எழுதியிருந்தார்கள். "எங்கட துறைமுகத்தில எப்பயாவது பனி கொட்டிப் பாத்திருக்கிறியளோ" என்று கேட்டேன். அவர் அனுப்பவில்லை. அடுத்த கிழமை அதே படம், அதே மரம், வேறொரு பேரில் வேறொரு விளம்பரத்தில் வந்தது.

அதற்குப் பிறகு நான் குறித்து வைக்க ஒரு கொப்பி வைத்துக்கொண்டேன். காரைத் தொட்டுப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது என்பது முதல் பக்கத்தில். ஓடின தூரம் குறைவு என்று சொன்னால் மிதிக்கிற பிரேக்கின் ரப்பரைக் குனிந்து பார்க்க வேண்டும், மீற்றரைத் திருப்புகிறவன் ரப்பரைத் திருப்ப மாட்டான். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், அது எந்தக் கிழமை எந்த வருஷம் செய்தது என்று சொல்லும். இதெல்லாம் நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவின் மகனிடமும் இணையத்திலும் துருவித் துருவி எடுத்தவை. என் கணவர் அந்தக் கொப்பியைப் பார்த்துச் சிரிப்பார்.

"உவவைக் கேட்டால் சில்லு இல்லாத கார்தான் எடுத்துத் தருவா. அதுதான் பாதுகாப்பு."

அவள் என்னிடம் வந்தது அந்தக் கொப்பி பாதி நிரம்பின பிறகு. வன்னியில் இருந்து, போர் முடிந்து இரண்டு மூன்று வருஷத்தில், ஒரு பெண்பிள்ளையோடு வந்து சேர்ந்தவள். கணவர் இல்லை. அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. நகரத்தின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையில் தனியே இருந்த கிழவியைப் பார்க்கிற வேலை. கிழவியோடேயே தங்க வேண்டும். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு. பிள்ளையை அங்கே வைத்திருக்க முடியாது. அதனால் ஆறு வயதுப் பிள்ளை எங்கள் வீட்டில் படுத்தாள், எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போனாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுடைய பள்ளிச் சட்டையை நான்தான் அயன் பண்ணுவேன். என்னை அன்ரி என்று கூப்பிடுவாள்.

பிறகு அவளுக்கு ஒரு நல்ல வேலை வந்தது. மொன்றியாலேக்கு மேலே, மலையில், ஒரு முதியோர் இல்லம். பத்திரம் எழுதின வேலை, ஆறு மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்கு முடியும். பிள்ளை பள்ளியால் வருகிற நேரத்துக்குத் தாயும் வீட்டில் இருக்கலாம். ஆனால் காலை ஆறு மணிக்கு அந்த மலைக்கு பஸ் இல்லை. இல்லத்துக்காரர் கேட்டது ஒன்றுதான்: கார் இருக்கிறதா? அவள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்போது லைசன்ஸ்கூடக் கையில் வந்து இரண்டு மாதம்தான், இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம் எடுத்தது.

"எனக்கு நிறம் முக்கியமில்லை அக்கா. மலை ஏறினால் காணும்," என்றாள். "பிள்ளைக்குப் பக்கத்தில படுக்க வேணும். ரெண்டு வருஷமாச்சு."

ஆகவே அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு கார் அல்ல, பிள்ளையோடு ஒரு வீடு. அது எனக்கு வடிவாகத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மூன்று கிழமை தேடினேன். புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்கள் முதல் வருஷம் வலுக் குறைந்த கார்தான் ஓட்டலாம் என்று சட்டம் இருந்தது, அதையும் பார்த்து விலக்கினேன். இலக்கத்தகட்டை மறைத்துப் படம் போட்டவர்களை விட்டேன். பிறகு பக்கத்து ஊர் பகேரியாவில் ஒருவருடைய சின்ன வெள்ளைக் கார் கண்ணில் பட்டது. விலை குறைவு, ஆனால் சந்தேகப்படுகிற அளவுக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் போனோம். ஓட்டிப் பார்க்க என் கணவர், வாங்க அவள், பயப்பட நான்.

விற்கிறவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். எங்களுக்குக் கோப்பி தந்தார். நான் குனிந்து பிரேக் ரப்பரைப் பார்த்தேன். நாலு ரயரின் இலக்கத்தையும் எழுதினேன். காலுக்குக் கீழே இருந்த விரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று தொட்டேன். என்ஜின் பெல்ற் எப்போது மாற்றினது, ரசீது எங்கே என்று கேட்டேன். அவர் ரசீதை எடுத்துத் தந்துவிட்டுச் சிரித்தார்.

"சிஞ்ஞோரா, நீங்கள் வரிக்காரரைவிட மோசம்."

ஏன் விலை குறைவு என்று கேட்டேன். மோவாயைத் தூக்கி, கையை விரித்து, "நிர்வாகச் சிக்கல் ஒன்று இருக்கிறது, பெரிசாக ஒன்றுமில்லை" என்ற மாதிரி ஏதோ சொன்னார். அம்மினிஸ்த்ராத்தீவோ என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அலுவலகம் சம்பந்தப்பட்டது. இந்த நாட்டில் எதுதான் அலுவலகம் சம்பந்தப்படாதது என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு நான் நிற்கவில்லை. காரின் இலக்கத்தைக் கொடுத்தால் அதன் முழுக் கதையையும் பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு தாளில் எடுத்துத் தருகிற முகவர் கடைகள் இங்கே இருக்கின்றன. வாங்க முதல் அந்தத் தாளை எடுக்க வேண்டும் என்று என் கொப்பியில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தேன். எடுத்தேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதை எடுப்பதில்லை. நான் எடுத்தேன் என்பதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

தாளைக் குசினி மேசையில் வைத்து வாசித்தேன். சொந்தக்காரர் பெயர் சரி. வருஷம் சரி. கீழே ஒரு வரி: ஃபெர்மோ அம்மினிஸ்த்ராத்தீவோ.

இத்தாலியில் நான் முதன்முதல் படித்த சொல் ஃபிர்மா. கையெழுத்து. பொலிஸில் அகதி விண்ணப்பம் கொடுத்தபோது ஒரு விரல் தாளில் ஓர் இடத்தைக் காட்டி ஃபிர்மா என்றது. வங்கியில், தபால்கந்தோரில், வைத்தியசாலையில், வீட்டு வாடகைப் பத்திரத்தில், எங்கு போனாலும் இங்கே ஃபிர்மா, அங்கே ஃபிர்மா. காதால் படித்தவளுக்கு ஃபி என்றாலென்ன ஃபெ என்றாலென்ன. இந்த ஊர்க்காரர் வாயில் அவை இடம் மாறித்தான் வரும், சிஞ்ஞோரா என்பதைச் சிஞ்ஞூரா என்கிறவர்கள். கடைசியில் ஆ வருமா ஓ வருமா என்பது எனக்கு இன்றைக்கும் குழப்பம். ஆகவே ஃபெர்மோ அம்மினிஸ்த்ராத்தீவோ என்றால் அலுவலகக் கையெழுத்து என்று வாசித்தேன். கார் கைமாறும்போது விற்கிறவருடைய கையெழுத்தை அலுவலர் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கையெழுத்துத்தான் மிச்சம். விற்கிறவர் சொன்ன சிக்கலும் அதுதான். எல்லாம் பொருந்தி வந்தது.

சிஞ்ஞோராவின் வீட்டில் தடித்த அகராதி ஒன்று இருந்தது. கையில் போன் இருந்தது. தெரியாத சொல்லென்றால் தேடியிருப்பேன். தெரிந்த சொல்லை யார் தேடுவது?

பணம் கொடுத்துக் காரை மாற்றி எழுதுகிற நாள் வெள்ளிக்கிழமை என்று முடிவாகியது. அதற்கு முதல் நாள் வியாழன். அவள் வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. நாளைக்கு மட்டும் வாயைத் திறந்து ஒண்டும் சொல்லாதேங்கோ."

"நான் என்ன சொன்னனான்?"

"லைசன்ஸ் சோதினைக்குப் போகேக்க, இந்த முறை பெயில் விட்டிடுவாங்களோ தெரியாது எண்டனீங்கள். விட்டாங்கள். ரெண்டாம் முறையும் சொன்னனீங்கள். மூண்டாம் முறை உங்களுக்குச் சொல்லாமல் போனனான், கிடைச்சது."

என் கணவர் உள்ளேயிருந்து, "அப்ப முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை, நான் பத்து வருஷமா அதைத்தான் சொல்லுறன்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நல்ல காரியத்துக்குப் போகும்போது இடக்காகக் கதைக்கக் கூடாது என்பது எனக்கும் தெரிந்ததுதான். சரி, பேசவில்லை என்றேன்.

வெள்ளி காலை முகவர் கடையில் ஆட்கள் கூட்டம். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது, அதற்கு முன் கையெழுத்து விழ வேண்டும் என்று அவள் கலண்டரைப் பார்த்து வந்திருந்தாள். எங்கள் முறை வந்தபோது பத்தேகால். விற்கிறவர் ஒரு பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேசையில் இருந்த இளைஞர் தாள்களைப் புரட்டினார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். இத்தாலி கதைப்பவள் நான் என்று அவருக்குத் தெரியும்.

"சிஞ்ஞோரா, இதில் ஃபெர்மோ இருக்கிறது. தெரியுமா?"

"ஓம், தெரியும்," என்றேன். அவருடைய மொழியில், நல்ல சத்தமாக. "நான் வாசித்தேன்."

அவர் உடனே குனியவில்லை. ஒரு கணம் கூடுதலாக என் முகத்தைப் பார்த்தார். "தெரிந்துதான் எடுக்கிறீர்களா?" என்று திரும்பக் கேட்டார். கையெழுத்து இருக்கிறது என்பதற்கு ஒரு மனிதன் ஏன் இப்படிப் பார்க்க வேண்டும்? எனக்கு விளங்கவில்லை, சொல்லுங்கள் என்று கேட்பதற்கு அந்த ஒரு கணம் போதும். நான் வாழ்க்கை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவள். காரணமில்லாமல் கேட்டவள்.

பக்கத்தில் அவள் என் சேலைத் தலைப்பை மெல்ல இழுத்தாள். நல்ல நாளென்று சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். "அக்கா, பத்து இருபது."

"தெரிந்துதான்," என்றேன்.

இளைஞர் தோளைக் குலுக்கிவிட்டு முத்திரையை எடுத்தார். பத்து இருபத்தாறுக்குக் கையெழுத்து விழுந்தது.

ராகுகாலம் என்று என்னால் பழியைப் போட முடியும். அவள் கேட்டுக்கொண்டதால் பேசாமல் இருந்தேன் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் அந்த இளைஞருக்கு முன்னால், விற்கிறவருக்கு முன்னால், அவளுக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது என்பது அவற்றைவிடப் பெரிய உண்மை.

மூன்று கிழமை அவள் அந்தக் காரை ஓட்டினாள். கபோ சந்தைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்தாள். பிள்ளை தன் உடுப்புகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு போனாள். பின்னேரங்களில் தாயும் மகளும் காரில் வந்து கீழே ஹோர்ன் அடிப்பார்கள், நான் பல்கனியில் வந்து நிற்பேன். பிள்ளை கண்ணாடியை இறக்கிக் கை காட்டுவாள். சந்தோஷப்பட்டேன். வீடு வெறிச்சென்று கிடந்ததும் உண்மை. அந்த இரண்டில் எது கூட என்று அப்போது நான் நிறுத்துப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு காலை, நான் சிஞ்ஞோராவின் வீட்டில் மாடிப்படி துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. மலைப்பாதையில் மறித்துவிட்டார்கள்.

"அக்கா, இலக்கத்தை அடிச்சுப் பாத்திட்டு இந்தக் கார் ஓடக் கூடாதாம் எண்டுறாங்கள். நான் பத்திரமெல்லாம் காட்டினன். தலையை ஆட்டுறாங்கள். தூக்கிற வண்டி வந்து நிக்குது. நான் என்ன சொல்ல?"

நான் பொலிஸ்காரரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவர் வேகமாகச் சொன்னதில் அந்த ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. அப்போதும் நான், கையெழுத்து வைத்தாயிற்று, வைத்தாயிற்று என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போனை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவள் பிள்ளையைப் பள்ளியால் கூட்டிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். பொலிஸ் கொடுத்த தாளை என்னிடம் தந்துவிட்டு இல்லத்துக்காரரோடு கதைக்கப் பல்கனிக்குப் போனாள். நான் கொப்பிக்குள்ளிருந்து பழைய தாளை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். அதே சொல். பிள்ளை மேசைக்கு எதிரே பாண் தின்றுகொண்டிருந்தாள். தலைகீழாகவே வாசித்துவிட்டாள்.

"அன்ரி, ஃபெர்மோ எண்டு ஏன் போட்டிருக்கு?"

"அது ஃபிர்மா. கையெழுத்து."

"இல்லை அன்ரி." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஃபெர்மோ எண்டா அசையாமல் நிக்கிறது. நாங்கள் துள்ளினா மயேஸ்த்ரா ஃபெர்மி எண்டு கத்துறவ. பஸ் நிக்கிற இடத்துக்கு ஃபெர்மாத்தா எண்டுறம்தானே? அதுதான்."

பதினொரு வருஷமாக நான் ஒவ்வொரு நாளும் ஃபெர்மாத்தாவில் நின்று பஸ் ஏறுகிறேன்.

பழைய சொந்தக்காரர் அரசாங்கத்துக்குக் கட்டாமல் விட்ட ஏதோ வரிக்காக அந்தக் காரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யார் வாங்கினாலும் தடை காரோடேயே போகும். அதைத் தீர்க்கும்வரை தெருவில் ஓடக் கூடாது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, அந்த இளைஞர் இரண்டு தரம் கேட்டார், நான் இரண்டு தரம் தெரியும் என்றேன் என்பது மட்டும்தான்.

பல்கனிக் கதவுக்கு அங்கால் அவளுடைய குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது. நான் பிள்ளைக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"அம்மாட்டைச் சொல்லாதை, என்ன? அன்ரி இந்தத் தாளை முதலே பாத்தனான் எண்டு. அம்மா கவலைப்படுவா."

பிள்ளை பாணைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். நான் பழைய தாளை மடித்துக் கொப்பிக்குள் வைத்தேன்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் விற்றவனைத்தான் திட்டினார்கள். என் கணவர் அவருக்குப் போன் எடுத்து, தெரிந்த கெட்ட வார்த்தைகளில் பாதியைச் சொல்லிவிட்டு வந்தார்.

"எப்பிடி ஆள் பார். தான் ஒளிக்கேல்லையாம். கடையில கேக்க, உங்கட சிஞ்ஞோரா தெரியுமெண்டு சொன்னவவாம். உனக்குத் தெரியுமாம். கள்ளனுக்குப் பொய்யாவது ஒழுங்காச் சொல்லத் தெரிய வேணும்."

நான் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன். கிளறிக்கொண்டே இருந்தேன்.

இல்லத்துக்காரர் ஒரு கிழமை பொறுத்தார்கள். ஒரு நாள் விடிய எழுந்து அவள் அரைவாசித் தூரம் நடந்துகூடப் போய்ப் பார்த்தாள், பிந்திவிட்டது. பிறகு வேறொருவரை எடுத்துவிட்டோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். கபோ அறையை விட்டாள். கால்சாவில் இன்னொரு கிழவர், இன்னொரு தங்கி நிற்கிற வேலை. பிள்ளை அதே பையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அவளுடைய செருப்புச் சத்தம் படியில் கேட்டபோது எனக்கு மனம் நிறைந்தது. அப்படி நிறைந்ததை நினைத்து உடனே உடம்பு கூசியது. அந்த இளைஞர் திரும்பக் கேட்ட கணத்தில் என் வாயைக் கட்டியதில் இதற்கும் ஒரு பங்கு இருந்ததா என்று நான் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பிள்ளை மாறிப்போனாள். என்னோடு பழையபடிதான். தாயோடுதான் மாறினாள். முன்பெல்லாம் வியாழக்கிழமை என்றால் மத்தியானத்திலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது வியாழக்கிழமைகளில் வயிற்றுவலி என்று படுத்தாள். தாய் வந்து பக்கத்தில் இருந்தால் சுவர்ப்பக்கம் திரும்பினாள். தாய் போன் எடுத்தால் இத்தாலியில் ஒரு சொல், பிறகு போனை என்னிடம் நீட்டிவிடுவாள். வைத்தியரிடம் கொண்டுபோனேன், வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். ஒரு பின்னேரம் தலை பின்னிவிட்டுக்கொண்டிருக்கும்போது என்னைக் கேட்டாள்:

"அன்ரி, அம்மா காரைப் பற்றிக் கேட்டா நான் என்ன சொல்ல வேணும்?"

"அம்மா கேட்டவவோ?"

"இல்லை. கேட்டா."

நாலு மாதமாக அந்தக் கேள்வி வரும் வரும் என்று ஓர் எட்டு வயதுப் பிள்ளை காத்துக்கொண்டிருந்திருக்கிறது. வராத ஒன்றுக்குப் பயந்துகொண்டிருப்பது எப்படி என்று அவள் என் வீட்டில்தான் படித்தாள். என் பயத்தை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டேன். அன்றைக்குப் பின்னல் சரியாக வரவில்லை, அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன்.

அடுத்த வியாழன் அவள் வந்ததும், தேத்தண்ணி வைக்க முதலே, தாளை எடுத்து மேசையில் வைத்தேன். கதிரையில் இருந்தால் சொல்ல மாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். தாளை முதலே எடுத்தது, பிழையாக வாசித்தது, கடையில் இளைஞர் கேட்டது, நான் ஓம் என்றது. "ரெண்டு தரம் கேட்டவர். விளங்காமல் ஓம் எண்டிட்டன்."

அவள் தாளைத் தொடவில்லை. சத்தம் போடவும் இல்லை.

"உங்களுக்கு விளங்கேல்லை எண்டா விளங்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே அக்கா. எனக்கு ஒண்டுமே விளங்காதே. நான் ஆரிட்டைக் கேக்கிறது?"

"அதுதான்."

"சரி. நானும்தான் வாயைத் திறக்காதேங்கோ எண்டனான்." அதோடு விட்டுவிடுவாள் போலத் தெரிந்தது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் பிள்ளையின் வயிற்றுவலி நிற்காது.

"பிள்ளைக்குத் தெரியும்," என்றேன். "அண்டைக்கே தெரியும். அவள்தான் வாசிச்சுச் சொன்னவள். உன்னட்டைச் சொல்ல வேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான்."

அவள் முகம் அப்படி மாறியதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. பொலிஸ் மறித்த அன்றுகூட அப்படி இல்லை.

"நாலு மாசமா என்ரை பிள்ளை என்ரை முகத்தைப் பாக்குதில்லை," என்றாள். "நான் திரும்பவும் தன்னை விட்டிட்டுப் போனதாலதான் எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் அந்தக் கிழவன்ரை கட்டிலுக்குப் பக்கத்தில கிடந்து அதைத்தான் நினைச்சனான்."

அவள் தாளை என் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

"கார் போனால் போகட்டும் அக்கா. இதைச் செய்திருக்கக் கூடாது."

அவள் எழுந்து உள்ளே போய்ப் பிள்ளையின் உடுப்புகளை எடுத்தாள். கபோவில் தனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள், அங்கே விடுகிறேன் என்றாள். நான் அயன் பண்ணி மடித்து வைத்திருந்த பள்ளிச் சட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

பிள்ளை கதவோரத்தில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் பிழை செய்தனானா?"

"இல்லை," என்றேன். "அன்ரிதான் செய்தனான். நீ வடிவாத்தான் வாசிச்சனி. அம்மாட்டைச் சொல்லியிருக்க வேணும் நான். உன்னைச் சொல்லாதை எண்டதும் பிழை."

அவள் தாயைப் பார்த்தாள். தாய் குனிந்து அவளுடைய நெற்றியில் வாயை வைத்து நெடுநேரம் அப்படியே இருந்தாள். பிள்ளை தள்ளவில்லை, திரும்பவும் இல்லை.

"அன்ரிக்குச் சொல்லிப்போட்டு வா," என்றாள் தாய்.

"போறன் அன்ரி," என்றாள் பிள்ளை.

வேறொரு நாளென்றால், போறன் எண்டு சொல்லக் கூடாது, வாறன் எண்டு சொல்ல வேணும் என்று நான் திருத்தியிருப்பேன். அன்றைக்குத் திருத்தவில்லை. தாயும் திருத்தவில்லை. இருவரும் படியிறங்கிப் போனார்கள்.